பேரிப் பண்ணையின் மூன்றாவது உயிர்

சலேத்தம்மாள் இறந்துபோன அன்று காலை ரெஜினா வீட்டு முறை. தூக்குச்சட்டியில் காபியை ஊற்றி மூடி, கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு, பேரி மரங்களின் இடுப்பு வரை கிடந்த மூடுபனிக்குள் இறங்கி நடந்தாள். துரை காலத்தில் பால் அறையாக இருந்து பிறகு பெரியம்மாவின் வீடாகிப்போன கல் கட்டடத்தின் கதவைத் தள்ளியதுமே அவளுக்கு விளங்கிவிட்டது. கட்டிலில் கிடந்தவளின் தாடை இறங்கியிருந்தது. கண்கள் பாதி மூடியிருந்தன. கையைத் தொட்டாள்; ஓடைக்கல் மாதிரி இருந்தது. அந்த ஊரில் எத்தனையோ பேரைக் குளிப்பாட்டி அனுப்பிவைத்தவள் ரெஜினா, அவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. கண்ணை மூடிவிட்டு, தாடையைக் கட்டிவிட்டு, வெளியே வந்து நாலு பேரைக் கூப்பிட்டிருக்க வேண்டும். ஆனால் பேச்சு வந்த நாள் முதலாய் அந்த வாசலில் ஒன்றையே கேட்டுப் பழகிய வாய், பெற்றவள் முகம் பார்க்காதவளுக்குத் தாயாக இருந்த ஒரே முகத்தின் முன்னால், அவளுடைய அனுமதி இல்லாமலே திறந்துகொண்டது.

“இருக்கியா பெரியம்மா?”

அந்தக் கேள்வியை ஒரு காலையும் பதில் இல்லாமல் திருப்பி அனுப்பியவளல்ல சலேத்தம்மாள். இறங்கியிருந்த தாடை மெல்ல ஏறியது. கண் திறந்தது.

“இருக்கேன்டி” என்றாள்.

ரெஜினா வெளியே போய் மணியை அடித்தாள். மணிச்சத்தம் கேட்டு ஊர் மாடு கறக்கப் போனது.

எதற்காக ஒரு ஊரே முறை வைத்துக்கொண்டு தினமும் ஒருத்தியிடம் போய் இருக்கிறாயா என்று கேட்டது என்பதைச் சொல்ல வேண்டுமானால், கடலுக்கு அப்பால் இங்கிலாந்தின் மேற்கு ஓரத்தில் இருந்த இன்னொரு பண்ணையிலிருந்துதான் தொடங்க வேண்டும். அந்தப் பண்ணையின் சொந்தக்காரர் தன் நிலத்தைக் கண்ணால் பார்த்தறியாத ஒரு பிரபு. அதை உழுது, அதில் பிறந்து, அதில் புதைந்தவர்கள் பென்ரோஸ் குடும்பத்தார். அவர்களுக்கு நிலம் வருஷக் கணக்கில் குத்தகைக்கு விடப்படவில்லை, உயிர்க் கணக்கில் விடப்பட்டது. மூன்று பேருடைய பெயரை எழுதுவார்கள். அந்த மூவரில் ஒருவர் மூச்சு விட்டுக்கொண்டிருக்கும் வரை நிலம் குடும்பத்துடையது; மூன்றாமவரும் போய்விட்டால் நிலம் பிரபுவிடம் திரும்பிவிடும். ஒரு உயிர் போனதும் ஓடிப்போய்க் கெஞ்சி இன்னொரு பெயரைச் சேர்த்து, அது போனதும் இன்னொன்றைச் சேர்த்து, இப்படியே தலைமுறை தலைமுறையாக ஒட்டுப்போட்டு ஓட்டினார்கள். கடைசியில் வந்த பிரபு, இனிப் பெயர் சேர்ப்பதில்லை என்று சொல்லிவிட்டார். மிச்சம் இருந்த ஒரே உயிர் வீட்டின் மூத்த பையன். அவன் ஒருநாள் மீன் பிடிக்கப் படகில் போனான், படகு மட்டும் திரும்பி வந்தது. அந்த அறுவடை முடிவதற்குள் தட்டுமுட்டுச் சாமான்களோடு குடும்பம் வண்டியில் ஏறியது. அந்த வண்டியின் பின்பக்கம் உட்கார்ந்து பண்ணை சிறுத்துக்கொண்டே போவதைப் பார்த்த இளைய பையன்தான் பிற்பாடு கப்பலேறி நம் மலைக்கு வந்து, சோலையை வெட்டி, அந்தப் பழைய தோட்டத்தின் பேரிக் குச்சிகளை ஒட்டுக்கட்டி நட்டு, மாடு வாங்கி, கம்பம் நட்டு மணி தொங்கவிட்டு, தன் பழைய பண்ணையின் பெயரையே இதற்கும் வைத்த பென்ரோஸ் துரை. அந்தப் பெயர் யார் வாயிலும் நுழையாததால் ஊர் அதைப் பேரிப் பண்ணை என்றது.

வெள்ளைக்காரர்கள் மூட்டை கட்டிய காலத்தில் துரைக்கு வயதாகியிருந்தது, பிள்ளை குட்டி கிடையாது. கீழ்நாட்டிலிருந்து கூட்டிவந்து காடு வெட்டவைத்த குடும்பங்களை மணியடியில் கூட்டி, இந்த நிலத்தை உங்களுக்கு விட்டுப்போகிறேன் என்றார். சும்மா எழுதிக் கொடுத்திருக்கலாம். யாரும் தடுத்திருக்கப் போவதில்லை. ஆனால் நிலம் ஒருவரிடமிருந்து இன்னொருவர் கைக்குப் போகும் வழி என்று அவர் வளர்ந்த வீட்டில் தெரிந்தது ஒன்றுதான். ஆகவே தன்னைக் கட்டி இழுத்துப்போட்ட கயிற்றையே எடுத்து, தான் நேசித்தவர்களின் இடுப்பில் பத்திரமாகக் கட்டிவிட்டு, கண்ணில் நீர் முட்ட, “மூன்று பேர் பெயரைச் சொல்லுங்கள்” என்றார். சொந்தம் மட்டும் தன் அக்காள் வழிப் பிள்ளைக்கு என்று எழுதினார்.

முதல் உயிர் ராயப்பன் மேஸ்திரி. இரண்டாவது, பால்மாட்டுக்குப் பொறுப்பான மிக்கேலம்மாள். மூன்றாவது யார் என்று அன்று சாயங்காலம் வரை பேசினார்கள். ஆம்பிளைப் பிள்ளை என்றால் மரம் ஏறுவான், பட்டாளத்துக்குப் போவான். கல்யாணமான பெண் என்றால் பிள்ளைப்பேறு இருக்கிறது. கிழவர்களைச் சொல்லிப் பிரயோஜனம் இல்லை. அப்போது ஞானஸ்நானம் முடிந்து ஈரத்தலையோடு தாயின் மடியில் கிடந்த ஒரு பெண்குழந்தை தும்மியது. எல்லோரும் திரும்பினார்கள். மகளுக்குக் கிரீடம் வைத்த மாதிரி அந்தத் தாய் நிமிர்ந்து உட்கார்ந்தாள். குழந்தையை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அது அழுதிருக்கும், எல்லாக் குழந்தையும்தான் அழுகிறது என்று விட்டிருப்பார்கள்.

அப்படித்தான் சலேத்தம்மாள் ஊரின் உயிரானாள். முதல் கறவைப் பால் அவளுக்கு, முதல் பழுத்த பேரி அவளுக்கு, ஊரில் இருந்த ஒரே வெல்வெட் துணி அவளுக்குச் சட்டையானது. அவள் மரம் ஏறக் கூடாது. அருவிப் பக்கம் போகக் கூடாது. கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் கவிழும் என்பதால் மலையை விட்டு இறங்கக் கூடாது. ரயில் எப்படிக் கத்தும் என்பதை அவளுக்கு யாராவது வாயால்தான் கத்திக் காட்ட வேண்டியிருந்தது. காலையில் ஒரு வீடு என்று முறை வைத்து, போய், “இருக்கியா?” என்று கேட்டு, “இருக்கேன்” என்று அவள் சொன்னதும் மணியடித்து, நிலம் இன்றைக்கும் நம்முடையதுதான் என்று ஊருக்குத் தெரிவிக்கும் வழக்கம் அவள் பேசத் தொடங்கிய நாளிலேயே தொடங்கிவிட்டது.

அவளைக் கட்டிக்கொள்ள ஒருவன் வந்தான். இன்னாசி, பேரி மரங்களுக்கு ஒட்டுக்கட்டுகிறவன். அதற்குள் மிக்கேலம்மாள் கன்று ஈன்ற மாட்டின் உதைபட்டுப் போய்ச் சேர்ந்திருந்தாள், ராயப்பன் மேஸ்திரி இருமலோடு கம்பளிக்குள் கிடந்தார். கிடந்தபடியே பஞ்சாயத்துப் பேசினார்.

“கட்டிக் குடுத்தா உண்டாவா. உண்டானா பெக்கணும். பிள்ளைப்பேறுல போனவ இந்த மலையில எத்தனை பேருன்னு உனக்குத் தெரியாதாப்பா இன்னாசி?”

“அப்ப நான் யாரைக் கட்டுறது மாமா? பத்திரத்தையா?”

எல்லோரும் சிரித்தார்கள். இன்னாசியும் சிரித்தான். சலேத்தம்மாளுடைய தங்கை அன்னமரியாளைக் கட்டிவைக்கிறோம் என்றார்கள். அவன் சிரிப்பை நிறுத்திவிட்டுச் சரி என்றான், அக்காள் வீட்டு வாசலுக்குப் போக வர ஒரு வழியாவது இருக்கட்டும் என்று நினைத்தானோ என்னவோ. ராயப்பன் மேஸ்திரி அந்த மழையோடு போய்ச் சேர்ந்தார், அன்னமரியாள் தலைப்பிரசவத்திலேயே போனாள். ஊர் வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் பார்த்தாயா என்பதுபோல் சலேத்தம்மாளைப் பார்த்தது. தங்கையின் குழந்தையை எடுத்துக்கொண்டு சலேத்தம்மாள் பால் அறைக்குள் போனாள். அந்தக் குழந்தைதான் ரெஜினா.

இன்னாசி வீட்டு முறை வரும் காலைகளில் அவன் கதவு வரை வருவான், வேலியைப் பிடித்துக்கொண்டு நிற்பான், கேட்க மாட்டான். மற்றவர்கள் கேட்கும் கேள்வியை அவன் ஒருநாளும் கேட்டதில்லை. அவன் நிற்பதைப் பார்த்துவிட்டு அவளே வெளியே வந்து, கேட்காத கேள்விக்கு, “இருக்கேன்” என்பாள். அவன் தலையை ஆட்டிவிட்டுப் போய் மணியடிப்பான். சிறுமியான ரெஜினாவுக்கு அப்பா ஊமை என்றே நெடுநாள் எண்ணம். இன்னாசி சாகும் வரை இது நடந்தது.

இதற்கிடையில் நிலத்தின் சொந்தம் கைமாறிக்கொண்டே இருந்தது. துரையின் அக்காள் வழிப் பிள்ளை, பார்த்திராத நிலத்தைப் பார்த்திராத ஒரு காப்பிக் கம்பெனிக்காரருக்கு விற்றார். காப்பிக் கம்பெனிக்காரர், மூன்றாவது உயிருக்கு நெஞ்சில் சளி என்று யாரோ சொன்னதை நம்பிப் பத்து வருஷம் காத்திருந்துவிட்டு, கீழ்நாட்டுப் பஞ்சாலை முதலாளி ஒருவருக்கு விற்றார். பேரி அறுவடை முடிந்ததும் சொந்தக்காரர் வந்து உயிரைக் கண்ணால் பார்த்துவிட்டுப் போகலாம் என்று பத்திரத்தில் இருந்தது. பஞ்சாலை முதலாளி வருஷம் தவறாமல் காரில் வருவார். ஹார்லிக்ஸ் பாட்டிலை நீட்டியபடியே, அவள் மூச்சு வாங்குகிறதா என்று காதைக் கொடுத்துக் கேட்பார்.

“உடம்பு எப்படிம்மா இருக்கு?”

“எனக்கென்னங்கய்யா குறை. நீங்கதான் போன தடவைக்கு இந்தத் தடவை இளைச்சுப் போயிட்டீங்க.”

அவர் அடுத்த அறுவடைக்கு வரவில்லை. அவர் மகன்கள் டாக்டரைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள், பிறகு அவர்களும் அலுத்துப்போய் நகரத்து ஹோட்டல் கம்பெனி ஒன்றுக்கு விற்றார்கள். காத்திருந்தவர்கள் எல்லாம் போய்ச் சேர, காக்கவைத்தவள் மட்டும் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். அவள் தலை நரைத்தபோது ஊர் அவளுக்குக் கால்செருப்புக்கூட வழுக்காததாகப் பார்த்து வாங்கியது.

ஆகவே அவள் இறந்தும் இருந்ததை ஊர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ரெஜினா அன்று மத்தியானமே நாலு பேரிடம் சொன்னாள். அவர்கள் போய்ப் பார்த்தார்கள். மூக்கின் அருகே கோழி இறகைப் பிடித்தார்கள், இறகு அசையவில்லை. “என்னடா மூக்குல இறகை விடுறீங்க, கூசுது” என்று சலேத்தம்மாள் கையைத் தட்டிவிட்டாள். வெளியே வந்து, பதில் சொல்கிறவளை இறந்தவள் என்று எப்படிச் சொல்ல முடியும் என்று பேசி முடித்தார்கள். கிராம நர்ஸ் வந்து, நெஞ்சில் குழாயை வைத்து, நெடுநேரம் கேட்டாள். பிறகு குழாயை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, “பிரஷர் நார்மல்” என்று சொல்லிவிட்டுப் போனாள். அவளுடைய தாய்வீடும் பண்ணைக்குள்தான் இருந்தது. பங்குச்சாமியார் மட்டும் இரண்டு ஞாயிறு யோசித்தார். நற்கருணை கொடுக்கலாமா கூடாதா என்பது அவருடைய சங்கடம். கடைசியில், ஆமென் சொல்லத் தெரிந்தவருக்குக் கொடுக்கலாம் என்று முடிவு செய்து, ஆயருக்கு இதை எழுத வேண்டாம் என்றும் முடிவு செய்தார்.

உடம்பு கெடவில்லை, நாற்றம் இல்லை, குளிர்ச்சி மட்டும்தான். அந்தக் குளிர்ச்சியில் அறையில் வைத்த பால் திரியவில்லை என்பதை முதலில் கண்டவள் ஒரு மருமகள். அடுத்த வாரமே நாலைந்து பால்கேன்கள் கட்டிலடியில் வந்தன. வெண்ணெய் வந்தது. கரண்ட் போகிற நாட்களில் நர்ஸ், குழந்தைகளுக்கான தடுப்பூசிப் பெட்டியைக் கொண்டுவந்து அவள் மடிமேல் வைத்துவிட்டுப் போனாள். ஹோட்டல் கம்பெனியிலிருந்து ஒரு பெண் கையடக்க மெஷினோடு வந்து, உயிரோடு இருப்பதற்குச் சாட்சியாகக் கட்டைவிரல் ரேகை கேட்டபோது, குளிர்ந்த விரலை மெஷின் ஏற்கவில்லை. சூடான காபி டம்ளரை அவள் கையில் கொடுத்துக் கொஞ்ச நேரம் பிடித்திருக்கச் சொன்னார்கள், ரேகை விழுந்தது.

“அம்மாவுக்குக் கை ரொம்ப ஜில்லுன்னு இருக்கே” என்றாள் அந்தப் பெண்.

“மலையில எல்லாருக்கும் அப்படித்தான் மேடம்” என்றார்கள். ரெஜினா தன் கைகளை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

இறந்தவளுக்குத் தூக்கம் வரவில்லை. அதுதான் அவளுடைய துன்பம், அதை ரெஜினாவிடம் மட்டும்தான் சொன்னாள்.

“இந்தத் தூக்கமும் வரல, அந்தத் தூக்கமும் வரலடி. காபி குடிச்சா வெந்நி மாதிரி இருக்கு. வாசல்ல ஒரு காலு, வீட்டுக்குள்ள ஒரு காலுன்னு நிக்கிறேன். காலு கடுக்குது.”

“நான் என்ன செய்யணும் பெரியம்மா?”

“உன் முறை வர்றப்ப கேக்காம இரு. கேட்டா என்னால வாயை மூடிக்கிட்டு இருக்க முடியல. பழக்கம் அப்படி ஆகிப்போச்சு.”

அடுத்த முறை வந்தது. ரெஜினா கேட்காமல் இருந்துவிடுவது என்று நினைத்துக்கொண்டுதான் போனாள், ஆனால் அன்று அவள் மகன் ஜெரோமைப் பார்க்கப் பெண் வீட்டார் வருகிறார்கள், நிலம் இல்லாதவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள் என்று ஒரு கணம் தோன்றியது, கேட்டுவிட்டாள். பிறகு ஒரு முறை மருமகள் உண்டாகியிருந்தாள். அதற்கடுத்த முறை முட்டைகோஸ் நாற்று அப்போதுதான் நட்டிருந்தது. சில முறைகளில் காரணம் ஒன்றும் இல்லை, பெரியம்மாவின் முகம் இல்லாத ஒரு காலையை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை, அவ்வளவுதான். ஒவ்வொரு முறையும் சலேத்தம்மாள் பதில் சொல்லிவிட்டு, “பரவாயில்லடி, அடுத்த தடவை பாப்போம்” என்று அவளைத் தேற்றி அனுப்பினாள்.

இப்படிப் பேரி மூன்று முறை பழுத்தது. பிறகு ஒரு ஞாயிறு, பூசை முடிந்து கோயில் வாசலில் எல்லோரும் நிற்கும்போது, ரெஜினா சொன்னாள்: “இனிமே என் முறைக்கு நான் கேக்கமாட்டேன். நீங்களும் கேக்காதீங்க. அவளை விட்டுருவோம்.”

யாரும் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“விட்டுட்டு எங்க போறது மதினி?” என்றார் சேசடியான். “கீழ போய் எவன் வீட்டுத் திண்டுல உக்காருறது? இந்த மண்ணத் தவிர எனக்கு வேற என்ன தெரியும்?”

“பெரியம்மாவுக்கு வலிக்குதா?” என்று ஒருத்தி கேட்டாள். “வலி இல்லைன்னாக்க இருக்கட்டுமே. நாம என்ன, பட்டினியா போடுறோம்?”

“சாப்பிடுறதே இல்லையே, எங்க பட்டினி போடுறது” என்றான் ஒருவன். சிரிப்பு எழுந்தது, எழுந்த வேகத்தில் அடங்கியது.

ரெஜினா வீட்டு முறை மட்டும் பேச்சில்லாமல் பட்டியலிலிருந்து விலகிக்கொண்டது. அதற்கப்புறம் ஜெரோம் ஒரு வழி கண்டுபிடித்தான். கீழ்நாட்டுச் சந்தைக்குக் காய்கறி வண்டி ஓட்டுகிறவன், நல்ல பிள்ளை, அம்மா படும் சங்கடத்தைப் பார்க்கப் பொறுக்காதவன். ஒரு சின்ன ஒலிபெருக்கிப் பெட்டி வாங்கிவந்து பால் அறை ஜன்னலில் வைத்தான். காலையில் அதுவே கேட்கும். பதில் வந்த கையோடு மணிச்சத்தமும் அதிலேயே ஒலிக்கும், அதையும் பதிந்திருந்தான். இனி யாரும் பனியில் இறங்கி நடக்க வேண்டாம், யாருடைய மனசும் கஷ்டப்பட வேண்டாம். ஊர் அவனைத் தட்டிக்கொடுத்தது. முறை என்பதே இல்லாமல் போனது. மணியின் நாக்கில் சிலந்தி வலை கட்டியது.

ரெஜினா அந்தப் பக்கம் போகவில்லை. தான் இல்லாமலே எல்லாம் நடப்பதில் வெட்கமும் ஒரு ஓரத்தில் நிம்மதியும் இருந்தன, நிம்மதிதான் அவளை அதிகம் வெட்கப்படவைத்தது. மழை முடிந்து பேரி பறிக்கத் தொடங்கிய ஒரு விடிகாலையில் மனசு கேட்காமல் தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு போனாள். கதவருகே போகும்போது உள்ளேயிருந்து ஒரு குரல் கேட்டது.

“இருக்கியா பெரியம்மா?”

அது அவளுடைய குரல். என்றோ ஒரு முறைக்காலையில், வண்டியில் காய் ஏற்றிக்கொண்டிருந்த ஜெரோம், அவளுக்குத் தெரியாமல் செல்போனில் பிடித்துவைத்த அவள் குரல். உள்ளே ஒருத்தி, “இருக்கேன்” என்றாள். மணி அடித்தது. மணி தன் கம்பத்தில் அசையாமல் தொங்கிக்கொண்டிருந்தது.

ரெஜினா கதவைத் திறந்தாள். பால்கேன்களுக்கு நடுவே பெரியம்மா உட்கார்ந்திருந்தாள். அவள் தோளிலிருந்து ஜன்னல் சட்டம் வரை ஒரு ஒட்டடை நூல் இழுத்துக்கட்டியிருந்தது, அவ்வளவு நாளாக யாரும் அவளைத் தொடவில்லை.

“மொதல்ல நீதான் கேக்குறேன்னு நெனச்சேன்டி” என்றாள் சலேத்தம்மாள். “ஏன் உள்ள வரமாட்டேங்குறான்னு பார்த்தேன். அப்புறம்தான் வெளங்குச்சு, குரல்ல சளி இல்ல. இந்த மாசம் உனக்குச் சளி பிடிக்குமே.”

ரெஜினா அந்த ஒட்டடையைத் தன் விரலில் சுற்றி எடுத்தாள். மூக்கை உறிஞ்சினாள். சளிதான்.

அன்று சாயங்காலம் ஜெரோம் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் நின்றாள்.

“அந்தக் குரல் என்னோடதுடா.”

அவன் நிமிரவில்லை. “உனக்காகத்தான்மா செஞ்சேன்.”

“தெரியும். நாளைக்கு அதை எடுத்துரப் போறேன்.”

அவன் தண்ணீர்க் குழாயைக் கீழே போட்டான். தண்ணீர் அவன் காலடியில் ஓடிக்கொண்டிருந்தது. “பிள்ளைக்கு இப்பத்தான் நடக்க வருதும்மா. நடந்து பழகுற எடமே இல்லாமப் போயிரும். அந்தத் துரைக்கு ஒரு பட்டா எழுதிக் குடுக்கத் தோணியிருக்கக் கூடாதா?”

“அவருக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். அவரைச் சொல்லி என்ன. நாமதான ஒரு பச்சப்பிள்ள தலையில எல்லா வீட்டு அடுப்பையும் ஏத்திவச்சோம்? எறக்கு எறக்குன்னு அவ கேக்குறா, நாம ஒலை கொதிக்கட்டும் கொதிக்கட்டும்னு சொல்லிக்கிட்டே இருக்கோம்.”

ஜெரோம் குழாயை அடைத்தான். மீதி வண்டியைக் கழுவாமலே உள்ளே போனான்.

மறுநாள் பனி மரங்களின் தோள் வரை கிடந்தது. ரெஜினா பால் அறைக்குள் போய், ஜன்னலிலிருந்த பெட்டியின் வயரைப் பிடுங்கி, அதைத் தலைகுப்புறக் கவிழ்த்துவைத்தாள். பெரியம்மாவுக்குத் தலை சீவினாள். முகம் துடைத்தாள். டம்ளரில் காபியை ஊற்றிக் கொடுத்துவிட்டு, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வாய் பழக்கத்தில் திறக்கப் பார்த்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள். 

மணி கேட்காததால் ஊர் ஒவ்வொருவராக வேலியோரம் வந்து கூடியது. கறவைப் பாத்திரத்தோடு வந்தார்கள், பல்துலக்கும் வாயோடு வந்தார்கள், குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஜெரோமும் வந்தான். யார் வேண்டுமானாலும் கேட்டிருக்கலாம். ஒரு வார்த்தை, வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து சத்தமாக ஒரே ஒரு வார்த்தை. யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். பிற்காலத்தில் ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொன்னார்கள். சேசடியானுக்கு இருமல் வந்துவிட்டதாம், நர்ஸின் அம்மா பக்கத்தில் நின்றவள் கேட்பாள் என்று நினைத்தாளாம், இன்னொருத்தி ரெஜினாவின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்ததில் மறந்தேபோனாளாம். ஜெரோம் ஏன் கேட்கவில்லை என்று யாரும் அவனை விசாரிக்கவில்லை.

சலேத்தம்மாள் காபியை ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

“சக்கரை போடலையாடி? கசக்குது.”

ரெஜினா பேசவில்லை. பேசினால் அதுதான் வெளியே வரும்.

“கசக்குது” என்று மறுபடியும் சொன்னாள் சலேத்தம்மாள், இப்போது ஆச்சரியமாக. இன்னொரு வாய் குடித்தாள், டம்ளர் காலியாகும் வரை ருசித்துக் குடித்தாள். பிறகு கதவுநிலையில் நின்றவளை மேலும் கீழும் பார்த்தாள்.

“உங்கப்பன் மாதிரியே நிக்கிற.”

அப்போதுதான் ரெஜினாவுக்குப் பயம் வந்தது. அப்பா இப்படித்தான் நிற்பார். அப்பாவுக்குக் கேட்காமலே பதில் வரும். கேட்காமல் நின்றாலும் இவள் சொல்லிவிடுவாளோ என்ற பயம், சொல்லிவிட மாட்டாளா என்ற ஆசை, இரண்டும் ஒரே நேரத்தில் வந்தன. சலேத்தம்மாள் வாயைத் திறந்தாள். வேலியோரத்தில் எல்லோரும் மூச்சைப் பிடித்தார்கள். திறந்த வாய் இன்னும் பெரிதாகத் திறந்தது, கண்கள் சுருங்கின. நெடிய, நிதானமான, குழந்தைக்கு வருவதுபோன்ற ஒரு கொட்டாவி.

“தூக்கம் வருதுடி” என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கமாகச் சாய்ந்தாள்.

ரெஜினா நின்ற இடத்திலேயே நின்றாள். பனி விலகி வெயில் தரைக்கு வந்தது. கட்டிலடியில் இருந்த கேன்களில் பால் திரியத் தொடங்கிய புளித்த வாசனை மெல்ல எழுந்தபோதுதான் அவள் உள்ளே போய், கண்ணை மூடி, தாடையைக் கட்டினாள்.

கோயில் கல்லறைத் தோட்டம் பண்ணையைச் சேர்ந்ததல்ல என்பதால் அங்கே அவளுக்கு இடம் கிடைத்தது, இன்னாசிக்கும் அன்னமரியாளுக்கும் பக்கத்தில். ஹோட்டல் கம்பெனிக்காரர்கள் மரியாதையானவர்கள், மாலை வாங்கிக்கொண்டு வந்தார்கள், மீதிப் பேரியைப் பறித்து முடிக்கும் வரை பொறுத்தார்கள். பிறகு ஒவ்வொரு குடும்பமாக ஜெரோமின் காய்கறி வண்டியில்தான் சாமான்களை ஏற்றிக்கொண்டு இறங்கியது, கொஞ்சம் பேர் மதுரைப் பக்கம், கொஞ்சம் பேர் திருப்பூர். கடைசி நடையில் ரெஜினா வண்டியின் பின்பக்கம் உட்கார்ந்தாள். பண்ணை சிறுத்துக்கொண்டே போனது. பேரி மரங்களை அவர்கள் வெட்டவில்லை. விருந்தாளிகள் அவற்றின் கீழே நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள் என்றும், மணியைத் துடைத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறார்கள் என்றும் கேள்வி.

இப்போது ரெஜினா திண்டுக்கல்லில் ரயில் பாதையை ஒட்டிய ஒரு வாடகை வீட்டில் மகனோடு இருக்கிறாள். ரயில் கத்தும்போதெல்லாம், பெரியம்மாவுக்கு வாயால் கத்திக் காட்டியது எவ்வளவு தப்பு என்று நினைத்துக்கொள்கிறாள். ஜெரோம் அவளை ஒரு சொல்லும் சொன்னதில்லை. பேரன் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே, தண்ணீர்க் குடங்களுக்கு இடையில் நடந்து பழகினான். விழுந்தால் அவன் அப்பன் தூக்கிவிட்டு, ரெஜினாவைப் பார்க்காமல் வெளியே போய்விடுவான். தான் செய்தது சரி என்று அவளுக்குத் தெரியும். முன்பே செய்திருக்கலாம் என்பதும், செய்யாமலே இருந்திருக்கலாம் என்பதும், ஒரே நாளில் இரண்டும் அவளுக்குத் தோன்றும்.

காலையில் பக்கத்து வீட்டுப் பெண் தண்ணீர் வந்துவிட்டதைச் சொல்ல வருவாள். எல்லா ஊரிலும் எல்லோரும் கூப்பிடுவதுபோல் படியில் நின்று கூப்பிடுவாள்.

“அக்கா, இருக்கீங்களா?”

ரெஜினா பதில் சொல்வதில்லை. அடுப்பில் என்ன இருந்தாலும் இறக்கிவைத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்து, கதவுநிலையைப் பிடித்தபடி தன் முகத்தைக் காட்டிவிட்டு நிற்கிறாள். காது கொஞ்சம் மந்தம் போலிருக்கிறது என்று அந்தப் பெண் தெருவில் சொல்லிவைத்திருக்கிறாள்.